அருளம்மாளின் எண்

குருபோங் தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்கு மின்பலகை செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் மிஷேலுக்கு வேலை. என்ன வேலை என்று சர்ச்சில் யாராவது கேட்டால், "யார் முதலில் பேசணும்னு முடிவு பண்ற வேலை" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, அவள் எப்போது கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாள் என்கிற வழக்கமான கேள்விக்குப் போய்விடுவார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் அவள் வேலை.

ஒரு ஃபோர்க்லிஃப்ட்டுக்குள் பிரேக், ஸ்டீயரிங், பாரம் தூக்கும் கை, ஹாரன், பேட்டரி என்று ஏகப்பட்ட கருவிகள் இருக்கும். எல்லாம் பேசிக்கொள்வது ஒரே ஒரு ஜோடிக் கம்பியில். இரண்டு ஒரே சமயத்தில் வாயைத் திறந்தால் என்ன ஆவது? அதற்காகத்தான் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண். சின்ன எண் உள்ளது பேசும். பெரிய எண் உள்ளது சத்தமில்லாமல் விலகி நின்று, கம்பி காலியானதும் மறுபடி முயலும். சண்டை கிடையாது, கூச்சல் கிடையாது. நம் ஆட்களின் சங்கக் கூட்டங்களுக்கும் இப்படி ஒரு கம்பி இழுத்துவிட்டால் தேவலை என்று பக்கத்து மேசைக் கவிநேசன் அடிக்கடி சொல்வான்.

எண் கொடுப்பதில்தான் சூட்சுமம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எது பெரிய விஷயமோ அதற்கு முதல் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். மிஷேல் அதை அடித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பாள்: இது எவ்வளவு நேரம் காத்திருக்கும்? பேட்டரி பெரிய விஷயம்தான். ஆனால் அது இறங்குவதை ஒரு நிமிடம் கழித்துத் தெரிந்துகொண்டால் குடி முழுகிப்போகாது. பிரேக் அப்படி இல்லை. எதனால் காத்திருக்க முடியாதோ அதற்குத்தான் முதல் இடம். இதைச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து அவளுக்கே அலுத்துப் போயிருந்தது.

பாச்சாங்கில் இருந்த தன் வீட்டிலும் அவள் இதே கணக்கைத்தான் போட்டாள். அவள் அம்மா அருளம்மாளுக்கு நரம்பு நோய். முதலில் கால் போனது, பிறகு கை, பிறகு நாக்கு. பாலர் பள்ளியில் பிள்ளைகளை மேய்த்துப் பழகிய வாய் அது. பாசாருக்குப் போனால் அரைக் கிலோ மீன் வாங்குவதற்குள் மீன்காரரின் மாமியார் உடம்பு வரைக்கும் விசாரித்துவிட்டு வரும். அந்த வாய் அடைத்துப்போன பிறகு வீட்டில் டிவி சத்தம் மட்டும்தான் கேட்டது. கடைசியில் அம்மாவுக்கு மிஞ்சியவை இரண்டு கண்களும் வலது கை ஆள்காட்டி விரலும். கண்ணை மேலே உயர்த்தினால் 'ஆமாம்'. அப்படியே வைத்திருந்தால் 'இல்லை'. விரலால் லேசாக அழுத்த முடியும். அவ்வளவுதான்.

அம்மா மூச்சு விடுவதற்கு முகமூடி மாட்டிய ஓர் இயந்திரம் துணை. இடது கையில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கிளிப். புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை. வலது கைக்குக் கீழே ஒரு பெட்டி, அதில் ஒரே ஒரு பட்டன். இவை நான்கையும் ஒரு ஜோடிக் கம்பியில் கோத்து, மிஷேல் அதைச் சுவரோரமாக ஹாலுக்கு இழுத்தாள். வைஃபையை அவள் நம்புவதில்லை. மழை இருட்டினாலே அது காணாமல் போய்விடும். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை, அதன் தலையில் ஒரு மஞ்சள் விளக்கு. அம்மா பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும். யாராவது போக வேண்டும்.

மூச்சு இயந்திரத்துக்கு முதல் எண். ஆக்சிஜனுக்கு இரண்டு. மெத்தைக்கு மூன்று. பட்டனுக்குக் கடைசி எண். அம்மா எதற்குக் கூப்பிடப் போகிறார்? ஃபேனைக் கூட்டு, ஜன்னலைத் திற, வாசலில் யார் வந்தது. மூச்சு காத்திருக்காது, அம்மா காத்திருப்பார். மிஷேல் இதை ஒளிக்காமல் அம்மாவிடமே சொன்னாள். கண்கள் மேலே போயின. சிரித்திருக்கவும் கூடும்; முகத்தில் சிரிப்பதற்கான தசை எதுவும் அப்போது மிச்சமில்லை.

நியாயமாகச் சொன்னால் அந்தக் கடைசி எண்ணால் அம்மாவுக்கு ஒரு குறையும் வரவில்லை. கம்பி பெரும்பாலும் காலியாகத்தான் கிடந்தது. அழுத்தினால் விளக்கு உடனே எரிந்தது. அழுத்தியது போய்ச் சேர்ந்தது என்று அம்மாவுக்குத் திருப்பிச் சொல்ல மட்டும் அந்தப் பெட்டியில் எதுவும் வைக்கவில்லை. யாராவது வந்து நின்றால் சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதானே என்று மிஷேல் நினைத்துவிட்டாள்.

காலையில் எதிர்வீட்டுத் திலகவதி வந்து அம்மாவைத் துடைத்து, உடை மாற்றி, குழாய் வழியாகப் பால் ஊற்றிவிட்டுப் போவார். சாயங்காலம் மிஷேல் வந்துவிடுவாள், இரவு அம்மாவின் அறையிலேயே படுப்பாள். நடுவில் இருக்கிற மத்தியானம் மட்டும் அப்பா பிரான்க்ளினுடையது. அவர் தஞ்சோங் கிளிங்கில் ஒரு கடற்கரை ஹோட்டலில் ரூம் சர்விஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மணி அடித்தால் ஓடுவதே அவர் பிழைப்பாக இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஐஸ் கட்டி கேட்டால்கூட மூன்று மாடி ஏறி ஓடியவர்.

சொந்தப் பெண்டாட்டி கூப்பிட்டால் மட்டும் அவருக்குக் கால் பின்னிக்கொண்டது. விளக்கு எரிந்தால் எழுந்து போவார். அறை வாசலிலேயே நின்றுகொண்டு, தண்ணியா, ஃபேனா, திருப்பிப் படுக்க வைக்கணுமா என்று வரிசையாகக் கேட்பார். எல்லாவற்றுக்கும் கண்கள் அசையாமல் இருக்கும். "என்னதான் வேணும் உனக்கு?" என்பார் பிறகு. கண்ணால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. அருளம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பிரான்க்ளின் ஹாலுக்குத் திரும்பி டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். ஆனால் படுத்துக் கிடப்பவருக்கு அந்த வித்தியாசத்தால் என்ன பிரயோசனம்?

ஒரு சனிக்கிழமை மிஷேல் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் முகமூடி நழுவியது. ஆக்சிஜன் மடமடவென்று இறங்கியது. திரை உடனே சொல்லத்தான் செய்தது, அப்பாதான் சர்ச்சுக்குப் போயிருந்தார். தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்து முகமூடியைச் சரிசெய்தபோது அம்மாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. தவறு கம்பியில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அதுவரை நொடிக்கு ஒரு தடவை அளவு சொல்லிக்கொண்டிருந்த ஆக்சிஜன் கிளிப்பை, ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்படி மாற்றிவிட்டாள்.

கம்பெனியில் ஒரு புதுப் பையன் இப்படிச் செய்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இரண்டாம் எண் வாயை மூடாமல் பேசினால் மூன்றும் நான்கும் எங்கே போய்ப் பேசும்? முதல் எண் மட்டும் எப்படியும் குறுக்கே புகுந்து பேசிவிடும். மற்றவை விலகி நிற்கும், முயலும், விலகி நிற்கும். பயம் வந்துவிட்டால் படித்ததெல்லாம் எங்குதான் போகிறதோ தெரியவில்லை. திரையில் ஆக்சிஜன் எண் துடித்துக்கொண்டே இருந்ததைப் பார்க்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது. பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அதன் பிறகு மஞ்சள் விளக்கு எரியவில்லை. முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அப்புறம் அப்பாதான் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார், அம்மா இப்போதெல்லாம் கூப்பிடுவதே இல்லை, அமைதியாகிவிட்டாள் என்று. ஜெபக் கூட்டத்தார் வந்தபோது அவர்களிடமும் சொன்னார். ஆண்டவர் அருளம்மாளுக்குச் சமாதானத்தைக் கொடுத்திருக்கிறார் என்று அவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று நன்றி சொல்லிப் பாடினார்கள். மிஷேலும் கூடப் பாடினாள், கண்ணீர் விட்டு நன்றி சொன்னாள். இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. கட்டிலில் படுத்தபடி அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவரை நினைத்தால் எரியாமல் என்ன செய்யும்?

திலகவதி ஒரு காலையில், அருளம்மாள் அக்காவின் விரல் நுனி காய்த்துப்போயிருக்கிறது என்று சொன்னார். படுத்தே கிடப்பதால் இருக்கும், தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்று சொல்லிவிட்டு மிஷேல் வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

பிறகு ஒரு புதன்கிழமை கம்பெனியில் புது வண்டிக்கான பலகையைச் சோதித்தார்கள். கவிநேசன் வேண்டுமென்றே ஓர் உணர்கருவியைக் கெடுத்து, அது நிறுத்தாமல் கம்பியில் பேசும்படி செய்தான். அப்படி நடந்தால் மற்றவை என்ன ஆகின்றன என்று பார்ப்பதுதான் சோதனை. செய்துவிட்டு ஹாரன் பட்டனை அமுக்கினான். சத்தம் வரவில்லை. மறுபடி மறுபடி அமுக்கினான்.

"பாவம் லா இந்த ஹாரன்," என்றான். "அது பாட்டுக்குக் கத்திக்கிட்டுத்தான் இருக்கு. ஒருத்தருக்கும் கேக்கல."

மிஷேலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையிலிருந்ததை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லிக் காரை எடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஒவ்வொரு சிக்னல் விளக்கிலும் வண்டிகள் நின்றன. அவள் ஒரு பக்கம் ஜெபித்தாள், ஒரு பக்கம் மனதுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டாம் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் நடுவே இடைவெளி ஏதாவது இருந்திருக்குமா? ஒரு தடவையாவது புகுந்து வந்திருக்க முடியுமா? கணக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் முடிந்தது.

வீட்டில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்ன இந்த நேரத்தில் என்று கேட்டவரைத் தாண்டி நேரே அறைக்குப் போனாள். அம்மாவின் கண்கள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மிஷேல் அம்மாவின் விரல் மேல் தன் விரலை வைத்துப் பட்டனை அழுத்தினாள்.

"அப்பா, லைட் எரியுதா?"

"இல்லியே."

இன்னும் ஒரு தடவை, அழுத்தமாக. "இப்ப?"

"இல்ல லா. ஏன் கேக்கற?"

அம்மாவின் கண்கள் உத்தரத்தை விட்டு அவள் முகத்துக்கு வந்தன. மிஷேல் அந்த விரலைத் திருப்பிப் பார்த்தாள். நுனியில் பட்டனின் விளிம்பு பதிந்து, அந்த இடத்தில் தோல் தடித்துச் சிவந்திருந்தது. எண்ணெய் மினுமினுத்தது. எத்தனை தடவை அழுத்தினால் ஒரு விரல் இப்படி ஆகும் என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கட்டிலோரம் மண்டியிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஆக்சிஜனைத் தான் மாற்றியதை, கம்பி நிறைந்துபோனதை, பட்டனுக்குக் கடைசி எண் கொடுத்ததை, எல்லாவற்றையும். பைத்தியக்காரி மாதிரி, கம்பெனியில் புதுப் பையன்களுக்கு விளக்குவது போலவே அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க கூப்பிட்டது எங்களுக்குக் கேக்கவே இல்லம்மா. கேட்டும் வராம இருக்கல. தெரியவே தெரியாதும்மா. கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தீங்களா?"

கண்கள் மேலே போயின.

எதற்கு என்று கேட்டுப் பார்த்தாள். வலியா? இல்லை. தாகமா? இல்லை. சளி அடைத்ததா, மெத்தை உறுத்தியதா, குளிரா, வேர்த்ததா? எதற்கும் கண் அசையவில்லை. என்னையா கூப்பிட்டீர்கள் என்று கேட்டாள். அதற்கும் இல்லை. மத்தியானத்தில் மகள் வேலையில் இருப்பாள் என்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன?

"அப்பாவையாம்மா?"

கண்கள் உயர்ந்தன.

"ஒன்னுத்துக்கும் இல்ல, சும்மா வந்து உக்காரச் சொல்லியா?"

கண்கள் உயர்ந்து, இறங்காமல் நெடுநேரம் அப்படியே நின்றன. அறை வாசலில் ஏதோ அசைந்தது. பிரான்க்ளின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று அவர் முகமே சொன்னது.

"லைட்டு எரியலன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு," என்றார். சொன்னது மகளைப் பார்த்து. "எரியாட்டியும் நான் போயிருக்கலாம். பத்தடி தூரந்தான். எரியலல்ல, எரியலல்லன்னு அதையே சாக்கா வச்சி உக்காந்திருந்தேன்."

"எங்கிட்ட சொல்லாதீங்கப்பா," என்றாள் மிஷேல். அதற்கு மேல் இதமாகப் பேச அவளிடம் தெம்பு இல்லை.

அவர் உள்ளே வந்தார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அருளு," என்றார். அருளம்மாள் கண்களை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. இமைக்குள்ளே விழிகள் அசைவது தெரிந்தது.

மிஷேல் கணினியை எடுத்துவந்து அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். ஆக்சிஜனை நொடிக்கு ஒரு தடவை என்று பழையபடி குறைத்தாள். அதோடு விடவில்லை. பட்டனுக்கு முதல் எண்ணைக் கொடுத்து, மூச்சு இயந்திரத்தை இரண்டாவதாகத் தள்ளினாள். கவிநேசன் பார்த்தால் சிரிப்பான். நொடிக்கு ஒரு தடவை பேசுகிற கம்பியில் யாருக்கு எந்த எண் இருந்தால் என்ன? அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தாள். பெட்டியில் ஒரு பச்சை விளக்கையும் ஒட்டவைத்தாள். ஹாலில் மஞ்சள் எரிந்தால் அம்மாவின் கண் முன்னால் பச்சை எரியும். விரல் அசைந்ததுமே கேட்கும், உலகத்தில் வேறு எதுவும் அதற்கு முன்னால் பேச முடியாது என்று அம்மாவிடம் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை அமுக்கிப் பாருங்கம்மா."

விரல் பட்டன் மேல் இருந்தது. அசையவில்லை. மிஷேல் காத்திருந்தாள். பெட்டியைக் கொஞ்சம் மேலே தூக்கி விரலுக்குத் தோதாக வைத்தாள். அப்போதும் அசையவில்லை.

"முடியலையாம்மா?"

கண்கள் அவளைப் பார்த்தபடி அப்படியே இருந்தன. இல்லை.

அடுத்த கேள்வியைத் தயங்கித்தான் கேட்டாள். "வேணாமா?"

கண்கள் மெதுவாக மேலே போயின.

ஏன் என்று கேட்க முடியாது. கண்ணில் 'ஏன்' என்பதற்குப் பதில் கிடையாது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் இனிமேல் கூப்பிட அவசியம் இல்லை என்பதாக இருக்கலாம். அல்லது கூப்பிட்டுக் கூப்பிட்டு வெறுத்துப்போய்விட்டது, இனி உங்களை யார் கூப்பிடுவார்கள் என்பதாகவும் இருக்கலாம். 'கோபமாம்மா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கண் மேலே போனாலும் போகாவிட்டாலும் அது பதில்தான். ஆனால் அப்பா அங்கே தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் கையைத் தன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் எப்படிக் கேட்பது? அவர் இல்லாதபோது நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம், அது காத்திருக்கும் என்று மிஷேல் முடிவு செய்தாள்.

ஆனால் அப்பா அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டும் அங்கேயே வந்தது. டிவி அணைந்தே கிடந்தது. பிரான்க்ளின் தஞ்சோங் கிளிங் ஹோட்டல் கதைகளை எல்லாம் எடுத்துவிட்டார். ஏதோ ஒரு பெரிய மனிதர் வழுக்கி நீச்சல் குளத்தில் விழுந்ததையும், சமையல்காரர் கோபித்துக்கொண்டு போன அன்று தானே இருநூறு பேருக்கு முட்டை பொரித்ததையும் மனைவிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அருளம்மாள் சில சமயம் அவரைப் பார்த்தார். சில சமயம் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் ஜெபக் கூட்டத்தார் வந்தார்கள், அதற்கு மறுநாள் டாக்டர். மிஷேல் ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சில் பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் மூச்சு இயந்திரம் அலறியது. கம்பியில் அப்போது அதற்கு முன்னால் பேச யாரும் இல்லை. மிஷேல் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்பா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து, சொந்தபந்தங்கள் கலைந்து, திலகவதியும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன பிறகு, பிரான்க்ளின் ஹாலில் மகளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அம்மாக்கு எம்மேல கோவம் இருந்துச்சா? நீதான் கண்ணப் பாத்துப் பேசுவ. ஒனக்குத் தெரியுந்தானே."

மிஷேல் நிமிர்ந்து பார்த்தாள். சவரம் செய்யாத முகம், அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லப்பா," என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம்பிவிட்டார். அவளுக்குத்தான் தெரியாது, இனி தெரியவும் போவதில்லை.